சொக்கலிங்கம் என்று யாரும் இல்லை

அத்தியாயம் 6

ஹரிஹரன் நான்காவது தடவையாக அந்தப் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினார். திரை ஒரு விநாடி யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, முந்தைய மூன்று தடவையும் சொன்னதையே சொன்னது.

சொக்கலிங்கம்: ஆவணம் எதுவும் இல்லை.

"நாற்காலிக்கு அடியில ஒரு தடவ பாத்துடுங்க சார். என் மூக்குக்கண்ணாடி எப்பவும் அங்கதான் கிடைக்கும்," என்றார் பூர்ணிமாவோடு வந்திருந்த ஹயாத் பாஷா.

குல்மொஹர் லெதர்ஸின் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜரான ஹரிஹரனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்பூர் தலைமை அலுவலகத்தின் அந்தக் குளிர் அறையில் துப்பறிய வந்திருந்த பூர்ணிமாவுக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. மணி பதினொன்று. வேலூரில் தொழிற்சாலை ஆய்வாளரின் விசாரணை நான்கு மணிக்கு.

ஒன்பது நாளுக்கு முன்னால் குல்மொஹரின் தோல் பதனிடும் டேனரியில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய சொக்கலிங்கம் விஷவாயு தாக்கி இறந்துபோனார். தொட்டியில் இறங்குவதற்கு ஒரு பர்மிட் உண்டு. வாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, அளவை எழுதி, பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் இறங்கலாம். அப்படி ஒரு பர்மிட் போடப்படவே இல்லை, குடித்துவிட்டுத் தானாக இறங்கிவிட்டார் என்கிறது கம்பெனி. கையெழுத்தான பிறகு, 'இறங்கப் போறேன்' என்று போனில் தன்னிடம் சொன்னதாகச் சொல்கிறாள் அவர் மனைவி தனபாக்கியம். ஸ்கேன் செய்த பர்மிட் எல்லாம் கம்பெனியின் டாக்குமெண்ட் சர்வரில் இருக்க வேண்டும். இது மட்டும் இல்லை.

அந்த சர்வரை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவள் அஃப்ஸர் ஜஹான். சொக்கலிங்கம் பெயரிலிருந்த ஏதோ ஒரு ஆவணத்தை அவள் அழித்தாள் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்; அது பர்மிட் என்று மட்டும் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய கணவன் முஜாஹித் அதே டேனரியில் சேஃப்டி சூப்பர்வைசர். சொக்கலிங்கத்தைத் தூக்க, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் குதித்தவன் அவன்தான். இப்போது நுரையீரல் கெட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் கிடக்கிறான். பேப்பரில் படம் வந்தது.

அஃப்ஸர்தான் பூர்ணிமாவின் கட்சிக்காரி. "நான் அழிக்கலைன்னு நிரூபிச்சாப் போதும் மேடம். வேற எதுவும் வேணாம்," என்று சொல்லியிருந்தாள்.

"அழிச்சது இவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள் பூர்ணிமா.

ஹரிஹரன் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "லாக் பாருங்க, யார் எப்ப என்ன பண்ணாங்கன்னு மெஷின் எழுதி வெச்சது. பன்னெண்டாம் தேதி விடிகாலை சரியா ரெண்டு மணி. சொக்கலிங்கம் பேர்ல ஒரு பேப்பர் டெலீட். லாகின் அஃப்ஸர் ஜஹான். அதுக்கு முன்னாடி ஒண்ணாம் தேதி, அதே ரெண்டு மணிக்கு, முப்பத்தேழு பேரோட பேப்பர். அது ஒத்திகை."

"ஒரே செகண்டுல முப்பத்தேழு பேரா?" ஹயாத் பாஷா காகிதத்தை எட்டிப் பார்த்தார். "என் பொண்டாட்டி ஒரு கொத்து முருங்கைக்கீரைய ஆயறதுக்கே ஒரு மணி நேரம் ஆவுது."

"கையால இல்ல பாய். ராத்திரி ஓடற ஒரு ப்ரோக்ராம் இருக்கு. ஒவ்வொரு டாக்குமெண்ட்டு மேல இருக்கற பேரையும் ஊழியர் லிஸ்ட்டோட ஒத்துப் பாக்கும். லிஸ்ட்ல இல்லாத பேர்னா, கேட்பாரில்லாத பேப்பர்னு எடுத்துடும். அது அவங்க லாகின்லதான் ஓடுது."

"அப்ப ப்ரோக்ராம் அழிச்சதுதானே?"

"சொக்கலிங்கம் லிஸ்ட்ல இருக்காரே மேடம்." ஹரிஹரன் ஊழியர் பட்டியலைத் திறந்து காட்டினார். நூற்று நாற்பதாவது பெயர் சொக்கலிங்கம். "லிஸ்ட்ல இருக்கற ஆளை ப்ரோக்ராம் ஏன் தூக்கணும்? யாரோ உள்ள கை வெச்சாத்தான் தூக்கும். அந்தக் கை யாரோடதுன்னு நான் சொல்லணுமா?"

பூர்ணிமா மூன்று நாளாக இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"மொத்தம் எத்தனை சர்வர் சார்?"

"இங்க விண்டோஸ். ஷூ ஃபேக்டரில லினக்ஸ். டேனரில பழைய யூனிக்ஸ் ஒண்ணு இருக்கு, இருபது வருஷத்து மெஷின். ஸ்க்ராப்புக்கு எழுதியாச்சு. அடுத்த வாரம் லாரி வருது."

முப்பத்தெட்டுப் பெயர்கள் கொண்ட பட்டியலை வாங்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.

ஹயாத் பாஷா முன்பு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையில் இருபத்திரண்டு வருடம் தோல் வண்டி ஓட்டியவர். எந்த ஃபேக்டரி வாட்ச்மேன் எந்த ஊர் என்பதுவரை தெரியும். பூர்ணிமாவின் துப்பறியும் நிறுவனத்தில் அவர்தான் டிரைவர், உதவியாளர், சில நாட்களில் ஒரே பார்வையாளர். அவருடைய ஓட்டை வேன் பஜாரைக் கடந்து டேனரி ரோட்டில் திரும்பியது. பூர்ணிமா பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களை முணுமுணுத்தாள்.

மனோகரன். யசோதா. லோகநாதன். பொற்கொடி. அசோகன். கோதண்டம். சொக்கலிங்கம்.

"ஒரே ஊரா?" என்றார் பாஷா.

"இல்ல. ஆலங்காயம், குடியாத்தம், எல்லாம் கலந்துதான் இருக்கு."

"ஒரே ஜாதி, ஒரே ஷிப்ட், ஒரே சங்கம்?"

"எதுவும் இல்ல பாய்."

"பேஜாரா இருக்கு மேடம். இந்த முப்பத்தெட்டு பேருக்கும் ஒத்துமையா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எவனும் இல்ல."

எதிரே லாரி ஒன்று குறுக்கே நிற்க, வேன் நின்றது. ஓரத்தில் புதிதாக வெள்ளையடித்த சுவரில் பெயிண்டர் ஒருவர் ஏணியில் நின்று நீல எழுத்துகள் எழுதிக்கொண்டிருந்தார். ஹயாத் பாஷா சத்தமாக வாசித்தார்.

"மனேகர மெஸ். யாருங்க அது மனேகர? பேரே சாப்பிட்ட மாதிரி இல்லியே."

பெயிண்டர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். "மனோகரா மெஸ்ஸுங்க. நேர்க்கோடெல்லாம் கடைசில பட்டை பிரஷ்ல ஒரே இழுப்பா இழுத்துடுவேன். கால் இன்னும் போடல."

பூர்ணிமா சுவரைப் பார்த்தாள். 'ன'வுக்கு முன்னால் இரட்டைக்கொம்பு வளைந்து நின்றது. பின்னால் கால் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒரே எழுத்துதான், ஆனால் அந்த மனிதர் அதை இரண்டு துண்டாக எழுதிக்கொண்டிருந்தார். துண்டுகளைச் சேர்த்துவிட்டால் பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அவள் பட்டியலைக் குனிந்து பார்த்தாள். 'னோ'. 'சோ'. 'லோ'. 'பொ'. 'கோ'. 'சொ'. முப்பத்தெட்டுப் பெயரிலும் ஓரிடத்திலாவது கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து ஒன்று இருந்தது. அப்படி எழுத்து இல்லாத பெயர் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

போனை எடுத்து ஹரிஹரனை அழைத்தாள்.

"சார், 'சொ'ன்னு கம்ப்யூட்டர்ல அடிச்சா உள்ள அது ஒரு துண்டா இருக்குமா, ரெண்டு துண்டா இருக்குமா?"

"என்ன மேடம் கேள்வி இது?" என்றவர் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியிருந்தது. "டேனரி ஸ்கேனர் போன வருஷமே ரிப்பேர். பர்மிட்டெல்லாம் ஷூ டிசைன் செக்ஷன்ல இருக்கற மேக் கம்ப்யூட்டர்லதான் ஸ்கேன் பண்றாங்க. மேக்ல பேர் வெச்சா அந்தக் கொம்பையும் காலையும் தனித்தனியாப் பிரிச்சு வெச்சுக்கும். விண்டோஸ்ல லிஸ்ட் அடிச்சப்போ ரெண்டும் ஒண்ணா விழுந்திருக்கும். கண்ணுக்கு ஒண்ணுதான். ப்ரோக்ராமுக்கு அது வேற பேர், இது வேற பேர்."

"அப்ப அதுக்கு சொக்கலிங்கம்னு யாரும் இல்ல."

"இல்ல." என்றார் ஹரிஹரன். "மேடம், ஒண்ணாம் தேதிலேர்ந்து அந்த ப்ரோக்ராமைப் போடச் சொன்னவன் நான்தான். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. எல்லா மெஷினும் ஒரே மாதிரி பேர் வெச்சுக்காது சார், டெஸ்ட் பண்ணிட்டுப் போடலாம்னாங்க. நான் கேக்கல. விசாரணைல இதைச் சொல்லிடறேன்."

லாரி நகர்ந்தது. ஹயாத் பாஷா வண்டியை எடுத்தார். "கேஸ் முடிஞ்சது. கட்சிக்காரம்மா அழிக்கல. கேட்டது அதுதானே? இங்கயே ரெண்டு பிளேட் பிரியாணி சொல்லிடவா?"

"டேனரிக்கு விடுங்க பாய். அந்தப் பழைய மெஷினைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"டெஸ்ட் பண்ணிட்டுப் போடலாம்னு சொன்னவங்க பாய் அவங்க. மெஷினுங்க பேர் வெக்கறதுல வித்தியாசம் உண்டுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்க. நாம மெஸ் போர்டைப் பார்த்துக் கண்டுபிடிச்சது, எட்டு வருஷமா அதோட குடித்தனம் பண்ணவங்களுக்குத் தோணாமப் போயிருக்குமா?"

ஹயாத் பாஷா கியரை மாற்றினார்.

டேனரியின் ஸ்டோர் ரூமில் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை. ஸ்டோர் கீப்பர் ஜம்புலிங்கம் மூலையில் ஒரு சாக்குத் துணியை விலக்கிக் காட்டினார். பெட்டி போன்ற கறுப்பு மெஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"யூனிக்ஸு. டிசைன் செக்ஷன்லேர்ந்து வர்ற ஸ்கேனெல்லாம் முதல்ல இதுலதான் வுழும். இங்கேர்ந்து ஒரு காப்பி ஹெட் ஆபீஸுக்குப் போவும். அந்த கிளீன் பண்ற ப்ரோக்ராமு இங்க வராதுங்க, இதுல ஓடாதாம். ஸ்க்ராப்புன்னு சொன்னாங்க, ஆனா யாரும் ஆஃப் பண்ணச் சொல்லல."

"பேர் போட்டுத் தேடுனா இங்கயும் ஒத்து வராது," என்றாள் பூர்ணிமா. "பதினொண்ணாம் தேதி வந்த பேப்பரை மட்டும் வரிசையாக் காட்டுங்க. கண்ணால படிச்சுக்கறேன்."

பதினான்கு வரிகள் வந்தன. ஒன்பதாவது வரியில் அவர் இருந்தார். சொக்கலிங்கம், தொட்டி பர்மிட், காலை 9.40. கம்பெனி ஒன்பது நாளாகச் சத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு பொய்யின் மறுப்பு, எந்தப் பூட்டும் இல்லாமல் அங்கே கிடந்தது.

பூர்ணிமாவின் கண் அந்த வரியின் கடைசிக் கட்டத்துக்குப் போனது. இந்தப் பேப்பரை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்று மெஷின் குறித்து வைத்திருந்தது. ஒரே ஒரு தடவை. பன்னிரண்டாம் தேதி காலை 10.10. அஃப்ஸர் ஜஹான்.

"அவங்க வந்தாங்களா?"

"மறுநாளே வந்துச்சுங்க அந்தம்மா. ஒரு மணி நேரம் அப்படியே திரையப் பாத்துட்டு ஒக்காந்துருந்துச்சு. புருஷன் ஆஸ்பத்திரில கெடக்குறானே, பாவம்னு நான் டீ வாங்கியாந்தேன். குடிக்கல."

பூர்ணிமா பர்மிட்டைத் திறந்தாள். பழைய ஸ்கேன், கொஞ்சம் சாய்ந்திருந்தது. பெயர், நேரம், வேலை. வாயு அளவு என்ற கட்டத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம். அதன் கீழே, அனுமதிக்கும் அதிகாரி. யூனிட் மேனேஜர் கையெழுத்து இருக்கும் என்றுதான் மூன்று நாளாக அவள் நினைத்திருந்தாள்.

ஹயாத் பாஷா குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "மு... முஜாஹித்."

பூர்ணிமா மறுபடியும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள்.

"வாயு பாக்கற மீட்டர் எங்க இருக்கு?" என்றாள் பூர்ணிமா.

ஜம்புலிங்கம் ரெஜிஸ்டரைப் பிரித்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "நாலாந்தேதி மெட்ராஸுக்கு ரிப்பேருக்குப் போச்சு. இன்னும் வரலீங்க."

மீட்டரே இல்லாமல் எழுதப்பட்ட பூஜ்யம் அது. அதை நம்பித்தான் சொக்கலிங்கம் இறங்கினார். எழுதியவனே அவரைத் தூக்கக் குதித்தான். பழைய பிரிண்டர் கிறீச்சென்று காகிதத்தைத் தள்ளியபோது, அது வராமல் மாட்டிக்கொண்டால் தேவலை என்று பூர்ணிமாவுக்கு ஒரு கணம் தோன்றியது. காகிதம் சுத்தமாக வந்தது. ஜம்புலிங்கம் அதில் ஸ்டோர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வேலூர் போகும் வழியில் மாதனூர் தாண்டியதும் ஹயாத் பாஷா, "நல்ல பையன் மேடம் அவன்," என்றார். பூர்ணிமா தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஃப்ஸர் ஜஹான் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பூர்ணிமாவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் அழிக்கலைன்னு மட்டும்தானே உங்ககிட்ட கேட்டேன் மேடம்."

"நீங்க அழிக்கல. ஹரிஹரனே விசாரணைல சொல்லப் போறார்."

"அது போதுமே."

"போதும்னா இந்தப் பேப்பரை அன்னிக்கே அழிச்சிருக்கலாமே. உங்களால முடியும். யாருக்கும் தெரியாது."

அஃப்ஸர் துப்பட்டாவை இழுத்துக்கொண்டாள். "கீபோர்டுல கை வெச்சேன் மேடம். அழிக்கவும் கை வரல, எடுத்துக் குடுக்கவும் கை வரல. தேடுனா யாருக்கும் கிடைக்காதுன்னு தெரியும். சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு வந்துட்டேன். அல்லாஹ் பாத்துப்பான்னு நெனச்சேன்."

"சொக்கலிங்கம் குடிச்சிட்டு இறங்குனார்னு எழுதியிருக்காங்க."

"தெரியும். எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்திருக்காரு. டீ கூட சக்கரை கம்மியாக் குடிப்பாரு." அவள் மருந்துச் சீட்டை மடித்தாள். "இதைக் குடுத்தா மொத்தப் பழியையும் இவர் தலையில கட்டிடுவாங்க. ஆஸ்பத்திரிய கம்பெனிதான் பாத்துக்குது. நாளைக்கே கைவிட்டாங்கன்னா நான் இவரை எங்க கொண்டு போவேன்? சொல்லுங்க. குடுக்காம இருக்க வழி இருக்கா?"

பூர்ணிமா எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"இல்லம்மா."

"தெரியும்," என்றாள் அஃப்ஸர். "வாங்க. அவருக்குத் தெரியாம எடுத்துட்டுப் போக வேணாம்."

முஜாஹித்தின் முகத்தில் பாதியை ஆக்சிஜன் மாஸ்க் மூடியிருந்தது. அஃப்ஸர் காகிதத்தை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு விரல்களை அசைத்தான். பூர்ணிமா தன் நோட்டையும் பேனாவையும் அவன் கையில் வைத்தாள். கோணல் மாணலாக, மூச்சுக்கு ஒரு வார்த்தையாக அவன் எழுதினான்.

மீட்டர் இல்ல. ரெண்டு தடவ சொன்னேன். தொட்டி நெறஞ்சி வழியுது, போடுன்னாங்க. சைபர் போட்டேன்.

கீழே அவனாகவே கையெழுத்துப் போட்டான்.

"போடுன்னது யாரு?" என்று மெல்லக் கேட்டாள் பூர்ணிமா.

பேனா காகிதத்தின் மேல் நின்றது. முஜாஹித் மாஸ்க்கிலிருந்து சுவருக்குப் போகும் குழாயைப் பார்த்தான். அப்புறம் அஃப்ஸரைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"முஜாஹித், ஒரு பேர் மட்டும். ஒரே ஒரு பேர்."

அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள்.

மூன்றே முக்காலுக்கு ஆய்வாளர் அலுவலகத்து மாடிப்படியில் ஏறும்போது பூர்ணிமாவிடமிருந்த காகிதங்களை அஃப்ஸர் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நான்தான் குடுக்கணும். அந்தம்மாகிட்ட முதல்ல."

வராந்தா பெஞ்சில் சொக்கலிங்கத்தின் மனைவி தனபாக்கியம் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாயம் போன சேலை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. எதிர்வரிசையில் கம்பெனி வக்கீலும் இரண்டு ஆபீசர்களும் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஃப்ஸர் அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு பர்மிட் போட்டிருக்கு. அவர் குடிக்கல, தானா எறங்கல. இந்தா இருக்கு. தொட்டில விஷவாயு இல்லைன்னு தப்பாக் கையெழுத்துப் போட்டது என் வீட்டுக்காரர். முஜாஹித். எட்டு நாளா எனக்குத் தெரியும். நான் சொல்லல."

தனபாக்கியம் காகிதத்தை வாங்கிப் பெயரைத் தடவிப் பார்த்தாள். பிறகு கையெழுத்தைப் பார்த்தாள். பூர்ணிமா ஓரடி முன்னால் வந்தாள். அடி விழுந்தால் தடுக்கத்தான் வந்தாள், வேறெதற்கும் அவளிடம் வழி இருக்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரத் தூக்கறதுக்கு உள்ள குதிச்சாரே," என்றாள் தனபாக்கியம். "அவருதானே இது?"

"ஆமா."

உள்ளேயிருந்து பியூன் வந்து, சொக்கலிங்கம் கேஸ் சம்பந்தப்பட்டவர்களெல்லாம் வரலாம் என்றான். எதிர்வரிசை ஆட்கள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

தனபாக்கியம் எழுந்திருக்கவில்லை.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"இன்னும் ஆக்சிஜன்லதான்," என்றாள் அஃப்ஸர். தனபாக்கியம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.